மஞ்சள் பெட்டிக்குக் கீழே

என் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளைக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கேட்டால் அவர் வேலை பார்க்கும் பெயின்ட் கடையிலேயே யாருக்கும் தெரியாது. "சயின்ஸு இருக்காரா?" என்று கேட்க வேண்டும். உடனே பின்பக்கம் கை காட்டுவார்கள்.

அங்கே நிறம் கலக்கும் இயந்திரத்துக்கும் டப்பாவைக் குலுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில், ஒரு கையில் முடி உலர்த்தும் டிரையரும் இன்னொரு கையில் செல்போனுமாக நின்றுகொண்டிருப்பார். டிரையர் அவர் தலைக்கு இல்லை. அங்கே உலர்த்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. சுவரிலிருந்து பெயர்த்த காரைத் துண்டை எடுத்துவந்து "இதே கலர் வேணும்" என்று நிற்பார்கள் வாடிக்கையாளர்கள். இவர் கலந்து, அட்டையில் ஒரு தீற்று தீற்றி, டிரையரைப் பிடித்துக் காயவைப்பார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். காய்வதற்கு முன்னால் யாராவது எட்டிப் பார்த்து "இது இல்லீங்களே" என்று சொல்லிவிட்டால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"பாதியில பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க சார். காயட்டும். அப்புறம் சொல்லுங்க."

இதை அவர் சொல்லி நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மற்றவர்களுக்குச் சொல்ல நமக்கு என்ன, நன்றாகத்தான் சொல்கிறோம்.

டப்பாவை மூடி, குலுக்கும் இயந்திரத்தில் பூட்டி, பொத்தானை அழுத்தினால் சில நிமிடங்களுக்குக் கடையே அதிரும். அந்த நேரம்தான் மாப்பிள்ளையின் மேடை. வாடிக்கையாளர் எங்கும் ஓட முடியாது. பெயின்ட் வர வேண்டுமே. "சோப்புத்தூளை அள்ளி அள்ளிப் போட்டா துணி சுத்தமாகும்னு நினைக்கிறீங்கல்ல? ஆகாது. நுரை அலசிப் போகாம துணியிலயே தங்கி, அழுக்கைப் பிடிச்சு வச்சுக்கும்" என்று ஆரம்பிப்பார். இயந்திரத்தின் சத்தத்துக்கு மேல் கத்துவார். ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தூசியைத் தட்டினால் கரண்ட் மிச்சமாகும் என்பார். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் வைக்காதீர்கள் என்பார். அவர் சொன்னதைக் கேட்டு வீட்டில் போய்ச் செய்துபார்த்து, அடுத்த முறை வந்து "நீங்க சொன்னது சரிதான்" என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது.

எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்ததுதான். ஓர் அறிவியல் பத்திரிகை, இணையத்தில் ஒரு தளம் நடத்துகிறது. நட்சத்திரம், கிரகம் என்று அதிலும் உண்டு. ஆனால் மாப்பிள்ளைக்குப் பிடித்தது 'வீட்டுக்குள் அறிவியல்' என்ற பகுதி. ரொட்டியில் பூஞ்சை வந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்தால் போதுமா, கொசு ஏன் சிலரை மட்டும் தேடி வருகிறது, இந்த மாதிரி. படித்தவர்கள் எழுதுவார்கள், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது போல இருக்கும். வாசகர்கள் கேள்வி கேட்டால் பதிலும் போடுவார்கள். ஒரு தடவை மாப்பிள்ளையும் கேட்டார்: எண்ணெய்ப் பெயின்ட்டில் வெள்ளை அடித்த அறையை இருட்டாகப் பூட்டி வைத்தால் ஏன் மஞ்சளாகிறது? அதற்கு அவர்கள் ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதி, 'நல்ல கேள்வி' என்று வேறு சேர்த்துவிட்டார்கள். அவ்வளவுதான். கல்யாண ஆல்பத்தைக்கூட அத்தனை பேருக்குக் காட்டியிருக்க மாட்டார்.

ஒரு சிக்கல் இருந்தது. அந்தத் தளத்தில் மாதத்துக்குச் சில கட்டுரைகள்தான் இலவசம். அது தீர்ந்த பிறகு எதைத் திறந்தாலும் பாதி வரைக்கும் ஓடி, எழுத்துகள் மங்கி, ஒரு மஞ்சள் பெட்டி வந்து குறுக்கே உட்கார்ந்துவிடும். மேலே படிக்க வேண்டுமென்றால் சந்தா கட்டு. மாப்பிள்ளை கட்டவில்லை. கஞ்சத்தனம் இல்லை, பாதியே போதும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

"முக்கியமானதை மேலயே சொல்லிடுவாங்க மச்சான். கீழ இருக்கிறதெல்லாம் ஆராய்ச்சி பண்ணவங்க பேரும் பட்டமும்தான்."

அவருடைய கட்டைவிரலும் இதற்குப் பழகிவிட்டது. மேலிருந்து தள்ளிக்கொண்டே வரும். மஞ்சள் கண்ணில் பட்டதும் பக்கத்தை மூடிவிடும். குலுக்கும் இயந்திரம் நிற்பதற்கும் அது சரியாக இருக்கும். மிச்சப் பாதியை அவரே மனதுக்குள் எழுதி முடித்துக்கொள்வார். என் போன் தண்ணீரில் விழுந்தபோது அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொன்னது அவர்தான். ஏன் எல்லோரும் அரிசியில் வைக்கிறார்கள் என்று மேல் பாதியில் விளக்கியிருந்ததாம். அது வீண் வேலை, அரிசித் தூசி உள்ளே போய்க் கெடுத்துவிடும் என்று கீழ்ப் பாதியில் இருந்திருக்கிறது. போன் போனது போனதுதான். அன்றிலிருந்து நான் அவரைப் "பாதி சயின்ஸு" என்று கூப்பிட ஆரம்பித்தேன். மச்சானுக்கு அந்த உரிமைகூட இல்லையா? அவரும் சிரித்துக்கொள்வார்.

ஆனால் அந்தப் பாதி சயின்ஸுதான் என் மனைவியைக் காப்பாற்றினார். இதைச் சொல்லாமல் மேலே போனால் நான் மனிதனே இல்லை.

என் வீட்டுக் குளியலறையில் கேஸில் ஓடும் வெந்நீர் ஹீட்டர் இருந்தது. கொஞ்ச நாளாக என் மனைவி குளித்துவிட்டு வரும்போதெல்லாம் தலைவலி, வாந்தி. ஒரு நாள் உள்ளேயே மயங்கி விழுந்துவிட்டாள். ரத்தம் கம்மியாக இருக்கும், சத்தாகச் சாப்பிடு என்று எல்லோரும் சொன்னோம். மாப்பிள்ளை வந்தார். குளியலறையைச் சுற்றிப் பார்த்தார். குளிர் அடிக்கிறதென்று நான் காகிதம் ஒட்டி அடைத்து வைத்திருந்த ஜன்னலைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"மச்சான், இனிமே இதைப் போடாதீங்க. மணமே இல்லாத ஒரு வாயு வரும். தூக்கம் மாதிரி ஆளைக் கொண்டு போயிடும். படிச்சேன்."

அந்தக் கட்டுரை மாதத் தொடக்கத்தில் வந்ததாம், முழுசாகவே படித்திருக்கிறார். குழாய் வேலைக்காரர் வந்து பார்த்தபோது ஹீட்டரின் புகைக்குழாயைப் பறவைக்கூடு அடைத்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு குளியல் தாங்கியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. என் மனைவி இன்றைக்கும் அவருக்குத்தான் முதல் காபி கொடுப்பாள், எனக்கு அப்புறம்தான்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் அவர் சொல்லுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. என் தங்கை கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். "எங்க வீட்டுக்காரர் பாத்துட்டாரு" என்றால் அவளைப் பொறுத்தவரை அதற்கு மேல் பேச்சில்லை.

தங்கை வேலை பார்த்தது டாக்ஸி கம்பெனியில். அந்தக் கம்பெனியில் நான் டிரைவர். நான்தான் அவளைச் சேர்த்துவிட்டேன். கண்ணாடி அறை, நீள மேஜை, அதில் அவள். வலது காதில் ஹெட்செட், அதில் டாக்ஸி கேட்டு வாடிக்கையாளர்கள் பேசுவார்கள். இடது காது திறந்திருக்கும். மேஜையின் இடது ஓரத்தில் வயர்லெஸ் பெட்டி, அதில் நாங்கள் டிரைவர்கள் கத்துவோம். ஒரு காதில் ஒரு அம்மா விலாசம் சொல்லிக்கொண்டிருக்க, மறு காதில் எவனாவது டயர் பஞ்சர் என்று அழுதுகொண்டிருக்க, இரண்டையும் கேட்டு, இரண்டுக்கும் பதில் சொல்லி, நடுவில் டீயும் குடிப்பாள். இரண்டு காதுக்கும் தனித்தனியாகச் சம்பளம் கொடுக்கணும் என்று டிரைவர்கள் சொல்வார்கள். வேலை நேரத்தில் என்னை அண்ணன் என்று கூப்பிட மாட்டாள். "நாப்பத்தேழு, எங்க இருக்கீங்க?" என்பாள். நான் டீக்கடையில் இருந்துகொண்டு பாலத்தில் இருப்பதாகச் சொன்னால், "பாலத்துல கிளாஸ் கழுவுற சத்தம் கேக்குதா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்பாள். மானம் போகும்.

ஒரு நாள் காலையில் வயர்லெஸில் அவள் குரல் சரியாக இல்லை. நான் இருக்கும் இடத்தைச் சொன்னேன். திரும்பவும் கேட்டாள். சொன்னேன். இன்னொரு வண்டியின் எண்ணைச் சொல்லி எனக்குப் பதில் சொன்னாள். மதியம் ஆபீஸுக்குப் போனபோது மேஜையில் மூன்று ஹெட்செட்கள் கிடந்தன.

"எல்லாம் ஓட்டை. ஒண்ணுலயும் சத்தம் வரல" என்றாள். நான் ஒன்றை எடுத்து என் காதில் வைத்தேன். யாரோ ஸ்டேஷனுக்கு வண்டி கேட்டுக்கொண்டிருந்தார், கணீரென்று.

"காதுல என்ன?"

"காலைல எழுந்ததுலேருந்து வலது காது அடைச்ச மாதிரி இருக்கு. தண்ணி போன மாதிரி. உள்ள ஙொய்னு ஒரு சத்தம் வேற."

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லண்ணா. அழுக்கா இருக்கும். அவர் பாத்துட்டாரு."

அவர் பார்த்துவிட்டார். காலையில் கடைக்குக் கிளம்பும் முன் போனைத் திறந்து அந்தத் தளத்தில் தேடியிருக்கிறார். 'காது அடைத்தால் என்ன செய்யலாம்?' என்றே ஒரு கட்டுரை இருந்திருக்கிறது. பெரும்பாலும் காது அழுக்குதான் காரணம், பஞ்சுக் குச்சியை உள்ளே விடாதீர்கள், எண்ணெய்ச் சொட்டு விட்டால் சில நாளில் இளகித் தானாக வெளியே வரும், பொறுமையாக இருங்கள் என்று போட்டிருந்தது. அதற்கடியில் மஞ்சள் பெட்டி. விரல் தன் வேலையைச் செய்துவிட்டது. கடைக்குப் போகும் வழியிலேயே மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிவிட்டார்.

"டாக்டர்கிட்ட ஒரு நடை போயிட்டு வந்துடலாமே மாப்பிள்ளை" என்று அன்று சாயங்காலமே சொன்னேன்.

"போனா அவரும் இதைத்தான் சொல்வாரு மச்சான். உங்க ஹீட்டர் விஷயத்துல என்ன ஆச்சு? நான் சொன்னதுதானே நடந்துச்சு?"

என் மனைவி பக்கத்தில் காபியோடு நிற்கிறாள். தங்கையும் அவர் பக்கம்தான். லீவு கேட்டால் மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று அவளுக்கு அந்தப் பயம் வேறு.

தினமும் காலையும் மாலையும் அவளைப் பக்கவாட்டில் படுக்கவைத்துச் சொட்டு விட்டார். அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது; தலையணையில் எண்ணெய் படாமல் துண்டு விரித்து, சொட்டுகளை வாய்விட்டு எண்ணி, பஞ்சு வைத்து, குழந்தைக்குச் செய்வது போலச் செய்தார். "இளகுது, இளகுது" என்று தைரியம் சொன்னார். ஹெட்செட்டை அவள் இடது காதுக்கு மாற்றிக்கொண்டாள். அப்போது வயர்லெஸ் கேட்கவில்லை. ஹெட்செட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டி, இரண்டையும் மாறி மாறிக் கேட்டு, ஒரு வாரத்தை எப்படியோ ஓட்டினாள். அடுத்த வாரம் ஒரு பிரசவ அவசரத்துக்கு அனுப்ப வேண்டிய வண்டியை நகரத்தின் அடுத்த மூலைக்கு அனுப்பிவிட்டாள். நல்லவேளை, பக்கத்தில் இன்னொரு வண்டி இருந்தது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, திட்டாமல் பேசினார். அதுதான் அவளைக் கலக்கிவிட்டது.

வண்டியில் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வழக்கம்போல என் பக்கத்து இருக்கையில் உட்காராமல், நான் பேசுவது கேட்க வேண்டும் என்று பின்னால் போய் வலது ஓரமாக உட்கார்ந்தாள், கேட்காத காது ஜன்னல் பக்கமும் நல்ல காது வண்டிக்குள் பக்கமும் இருக்கும்படி. இரண்டு வாரத்தில் அவள் தனக்கென்று இதையெல்லாம் கண்டுபிடித்து வைத்திருந்தாள், யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். வீட்டுக்குப் போகவில்லை, நேராகக் கடைக்குப் போய் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு காது டாக்டரிடம் ஓட்டினேன்.

டாக்டரம்மா காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார்.

"காது சுத்தமா இருக்கே. எண்ணெயைத் தவிர உள்ள ஒண்ணும் இல்ல."

மாப்பிள்ளை முகம் மலர்ந்தது. அழுக்கு எல்லாம் வெளியேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். டாக்டரம்மா ஓர் இரும்புக் கவையைத் தட்டி அதிரவைத்து, அதன் காம்பைத் தங்கையின் நெற்றி நடுவில் வைத்தார். "எந்தப் பக்கம் கேக்குது?"

"இடது பக்கம்."

வெறும் அடைப்பு என்றால் அடைத்த காதில்தான் பலமாகக் கேட்குமாம். டாக்டரம்மா அதற்குப் பிறகு வேகமாகப் பேசினார். எப்போதிருந்து, மெதுவாகவா திடீரென்றா, ஏன் இத்தனை நாள் கழித்து வந்தீர்கள். தங்கை மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

பரிசோதனைக்குச் சத்தம் புகாத சின்ன அறை ஒன்று. சுவரில் ஒரு கண்ணாடி ஜன்னல். தங்கையை உள்ளே உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வெளியே ஒரு இளம்பெண் கருவியை இயக்கிக்கொண்டிருந்தாள். இடது காதுக்குத் தங்கையின் கட்டைவிரல் டக் டக்கென்று அழுத்தியது. பிறகு வலது காது. இளம்பெண் ஒவ்வொரு குமிழாகத் திருகினாள். தங்கை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்து, எப்போது ஆரம்பிப்பார்கள் என்று கேட்பது போலப் புருவத்தைத் தூக்கினாள். சோதனை பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

மாப்பிள்ளை அந்த இளம்பெண்ணிடம் போய்ப் போனை நீட்டினார். "நாங்க சும்மா விட்டுடலம்மா. படிச்சுட்டுத்தான் செஞ்சோம். இதோ பாருங்க, பெரிய பத்திரிகை. எண்ணெய் விடுங்க, பொறுமையா இருங்கன்னு போட்டிருக்கான்."

அவள் வாங்கிப் பார்த்தாள். கட்டைவிரலால் தள்ளினாள். மஞ்சள் பெட்டி வந்தது. அதையும் தாண்டித் தள்ளினாள்.

"கீழ இன்னும் இருக்கே சார்."

"அதுக்கு மேல சந்தா கட்டணும்மா."

"இல்லையே. இது சந்தா கேக்குற பெட்டி இல்ல. மெயில் ஐடி குடுத்தா வாராவாரம் கட்டுரை அனுப்புறோம்னு போட்டிருக்கு. உடம்பு சம்பந்தப்பட்ட கட்டுரை எல்லாருக்கும் முழுசா திறந்துதான் வச்சிருக்காங்க. இதோ."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. வேலை பார்த்துக்கொண்டே சொன்ன சாதாரணப் பேச்சுதான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி குமிழைத் திருகப் போய்விட்டாள். மாப்பிள்ளை திரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு என்னிடம் நீட்டினார். "நீங்க படிங்க மச்சான். எனக்கு எழுத்து தெரியல."

படித்தேன். மஞ்சள் பெட்டிக்குக் கீழே, தடித்த எழுத்தில், ஒரு விரல் தள்ளினால் தெரியும் இடத்தில் இருந்தது. ஒரே காதில், வலி இல்லாமல், திடீரென்று கேட்பது குறைந்தால் அது அடைப்பாக இல்லாமல் இருக்கலாம். காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். நாள் தள்ளத் தள்ளக் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

அறைய வேண்டும் போல இருந்தது. நிஜமாகவே கை எழுந்தது என்று நினைக்கிறேன். அதே கையை எடுத்து ஒரு நாள் அவரைக் கும்பிட்டிருக்கிறேன், குழாய் வேலைக்காரர் அந்தப் பறவைக்கூட்டை எடுத்துக் காட்டிய அன்று. அதே தளம், அதே போன், அதே ஆள். யாரை நொந்துகொள்வது? எழுதியவர்கள் எழுதித்தானே வைத்திருக்கிறார்கள்.

"நீங்க சொன்னது சரிதான் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "பாதி சயின்ஸு."

அந்தப் பெயரை நான் அதற்குப் பிறகு வாயால் சொல்லவில்லை.

மாத்திரை கொடுத்தார்கள். காதுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் தாங்கினாள். கனமான சத்தம் கொஞ்சம் திரும்பியது. லாரி போனால் தெரிகிறது, கதவு அறைந்தால் தெரிகிறது. பேச்சு திரும்பவில்லை. கடைசியில் டாக்டரம்மா இனி இவ்வளவுதான் என்று சொன்னபோது மாப்பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னிக்கே கூட்டி வந்திருந்தா கேட்டிருக்குமா டாக்டர்?"

"கேட்டிருக்கலாம். கேக்காமயும் போயிருக்கலாம். சில பேருக்கு உடனே வந்தாலும் திரும்புறதில்ல. உங்க விஷயத்துல எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். மாப்பிள்ளைக்கு அதுதான் விஷமாகிவிட்டது. உன்னால்தான் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பார். உன்னால் இல்லை என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இப்போது இரண்டும் இல்லாமல் நடுவில் தொங்கினார். அந்தத் தளத்துக்குச் சந்தா கட்டினார். காதைப் பற்றி அதில் இருந்த எல்லாவற்றையும், கடைசியில் இருக்கும் 'உரிமை பதிப்பகத்துக்கே' என்ற வரி வரைக்கும் படித்தார். அவருடைய கேள்விக்குப் பதில் அங்கேயும் இல்லை. டாக்டரம்மா சொன்னதையேதான் அவர்களும் எழுதியிருந்தார்கள்.

கடையில் பேச்சு நின்றுவிட்டது. டப்பா குலுங்கும்போது டப்பாவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பழைய வாடிக்கையாளர் ஒருவர், "என்ன சயின்ஸு, இன்னிக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாராம். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றாராம். கடை முதலாளியே என்னைக் கூப்பிட்டு, அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். நிறம் மட்டும் முன்னைவிடச் சரியாக வருகிறதாம்; ஒவ்வொரு தீற்றையும் நாலு முறை காயவைக்கிறாராம்.

தங்கைக்கு அந்தக் கண்ணாடி அறை இல்லாமல் போனது. வேலையை விட்டு நிறுத்தவில்லை. கீழே வண்டிச் சாவி கொடுக்கும் ஜன்னலில் உட்காரவைத்தார்கள். ஷிப்டு மாறும்போது வரிசையில் வரும் டிரைவர்களுக்குச் சாவியை எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது வயர்லெஸில் வேறு ஒரு பெண் பேசுகிறாள். நல்ல பெண்தான். நான் பாலத்தில் இருப்பதாகச் சொன்னால் நம்பிவிடுகிறாள். அன்றைக்கெல்லாம் எனக்கு டீ இறங்குவதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். ஒரு காது மட்டும் இருந்தால், சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாதாம். இரண்டு காதுக்கும் சத்தம் வந்து சேர்வதில் இருக்கும் நூலிழை வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணக்குப் போடுகிறதாம். இதுவும் அந்தத் தளத்தில் படித்ததுதான். அதற்கு முன்னால், வீட்டில் யாராவது கூப்பிட்டால் தங்கை எதிர்ப்பக்கம் திரும்பித் தேடுவாள். நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்போம். அவள் முகம் சுருங்கிப் போகும். மாப்பிள்ளை அதைப் படித்த அன்றிலிருந்து கூப்பிடும்போதே இடத்தையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார். "வாசல்ல இருக்கேன்மா, சாவி எங்க?" "பின்னாடி துணி எடுக்கிறேன், மழை வருது." எங்களுக்கும் பழக்கிவிட்டார். அவள் இப்போது தேடுவதில்லை. தெருவைக் கடக்கும்போது ஹாரன் எந்தப் பக்கம் என்று தெரியாது என்பதால், காதை நம்பாமல் இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்க அவளே பழகிக்கொண்டாள்.

இத்தனை செய்தவர், அவளிடம் அதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. மன்னிப்பு என்ற பேச்சே வரவில்லை. அவளும் கேட்கவில்லை, திட்டவுமில்லை. முன்னெல்லாம் சட்னியில் உப்பு என்றால்கூட அரை மணி நேரம் சண்டை போடும் ஜோடி அது. இப்போது வீடு ஆஸ்பத்திரி மாதிரி அமைதியாக இருந்தது. "எங்கிட்ட சண்டையே போட மாட்டேங்கிறாருண்ணா" என்று தங்கை ஒரு நாள் சாவி ஜன்னலுக்குள்ளிருந்து சொன்னாள். "என்ன சொன்னாலும் சரிம்மா சரிம்மாங்கிறாரு. யார் வீட்டுலயோ இருக்கிற மாதிரி இருக்கு."

போன வாரம் ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். என் மனைவி கொடுத்துவிட்ட பாத்திரத்தைத் திருப்பி வாங்க வேண்டியிருந்தது. கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. உள்ளே போனால், சமையலறையில் தங்கை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று துண்டால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். இருவரும் எனக்கு முதுகு காட்டி நின்றார்கள். "வந்துட்டேன், வாசல்ல இருக்கேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாப்பிள்ளையின் குரல் கேட்டது. முணுமுணுப்பு.

அவர் அவளுடைய வலது பக்கம் நின்றிருந்தார். கேட்காத பக்கம்.

"ஒரு விரல்மா. ஒரு விரல் தள்ளியிருந்தா போதும். நான் படிச்சிருக்கணும். நீ என்னை நம்பித்தானே படுத்த. தினமும் எண்ணெய் விட்டேனே, விட்டுக்கிட்டே இருந்தேனே..."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தட்டைத் துடைத்தார், அடுக்கினார், அடுத்ததை எடுத்தார், பேசிக்கொண்டே இருந்தார். அவர் பேச்சில் தடுமாற்றமே இல்லை; பலமுறை சொல்லிப் பழகியது போல வந்தது. நாள்தோறும் இந்த இடத்தில் நின்று இதைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

தங்கை குழாயை மூடினாள். ஈரக்கையை உதறாமல், திரும்பாமல் சொன்னாள்.

"காதுதான் போச்சு. கழுத்து போகல. தினமும் இந்த நேரத்துக்கு உங்க மூச்சு வந்து படுது."

மாப்பிள்ளை கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது.

"என்ன சொல்றீங்கன்னு எனக்குத் தெரியாது" என்றாள் தங்கை. அவள் குரல் உடைந்துபோயிருந்தது, ஆனால் வயர்லெஸில் பேசும் அந்தப் பழைய அதட்டலும் அதில் இருந்தது. "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. பாதியில நிறுத்தாம முழுசா சொல்லுங்க. நான் திட்டணும். எனக்கும் திட்டணும்னு எவ்வளவு நாளா இருக்கு தெரியுமா?"

மாப்பிள்ளை தட்டைக் கீழே வைத்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளைச் சுற்றி நடந்து, இடது பக்கம் போய் நின்றார். நான் பாத்திரத்தை வாங்காமலே கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.